புல்லுக்கு அடியில்

“உனக்கு ஏதாவது வேணும்னா வாய் திறந்து கேளு.”

“கேட்டா செய்வீங்களா?”

“கேட்டுத்தான் பாரேன்.”

கல்யாணமான புதிதில் கணவனோடு நடந்த பேச்சு. அன்று அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். ‘இந்த வேலையை விட்டுடுங்க’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் அடுப்பு எப்படி எரியும் என்ற பயம் அதை விழுங்க வைத்தது.

இப்போது, விடிந்தும் விடியாத வேளையில், ஓடைக்கரையில் மற்றப் பெண்களோடு குனிந்து புல் நட்டுக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி அவள் கணவன் மற்ற ஆண்களோடு குழி வெட்டினான். தோல் தொழிற்சாலையில் சுரண்டி எடுத்த சதையும் கொழுப்பும் மயிரும் சொதசொதவென்று அதற்குள் விழுந்தன. மேலே ஒரு சாண் மண். அதற்கு மேல் புல். விரலை ஊன்றினால் சாம்பல் நிறச் சாறு குமிழியிட்டு நகக்கண்ணில் ஏறியது.

ராத்திரியில் அவன் தேய்க்காத தேய்ப்பில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ‘சோப்பு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அப்படியும் நாற்றம் போகாது. அவளுக்கு முதுகைக் காட்டியே படுப்பான்.

“நேத்துக் குழாய்த் தண்ணியை மோந்து பார்த்தியா?” என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி. “என் கொழுந்தன் குளிச்ச தண்ணி மாதிரியே இருந்துச்சு. சிரிக்காதடி. அதைக் குடிச்சிட்டு என் பொண்ணு ராவெல்லாம் வாந்தி.”

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

“சீக்கிரம் நடுங்க. மதியம் அதிகாரி சோதனைக்கு வர்றார்.”

“தோண்டக் கூடாது, கொட்டக் கூடாதுன்னு கரையில சர்க்கார்ல பலகை வச்சிருக்காங்களே ஐயா” என்றாள் ஓரகத்தி.

“புல்லு நடலாம்னும் அதே பலகையிலதான் இருக்கு. நாம நடுறோம்.”

“அடியில இருக்கிறது?”

“அடியில பார்க்கவா உனக்குக் கூலி? பிடிக்கலைன்னா கிளம்பு, ஆளா இல்ல?”

“மூக்கை மூடாம நீங்க ஒரு கத்தை நடுங்க, நான் கிளம்புறேன்.”

கோபத்தில் முன்னே வந்த முதலாளியின் கால் புதுப்புல்லைப் பொத்துக்கொண்டு கணுக்கால்வரை இறங்கியது. உருவினார். வழவழவென்று கொழுப்பும் மயிரும் ஒட்டிக்கொண்டு வந்தன.

“டேய் சோப்பு! இதைத் துடைச்சுவிட்டுக் குழியை மூடுடா!”

ஓரகத்தி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டு நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். குழிக்குள் நின்ற ஆண்கள் மேலேறினார்கள். அவன் மட்டும் மண்வெட்டியைப் பிடித்தபடி, மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள்.

“அதைக் கீழ போடுங்க. இனிமே இதைத் தொடாதீங்க. குழி திறந்தே கிடக்கட்டும். வர்றவர் மோந்து பார்க்கட்டும்.”