கூறைச்சேலையின் மறுமுனை

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முதல் நாள். சேலத்துத் திரையரங்கு ஒன்றின் பகற்காட்சியில் எனக்கு வலப்புறம் கவினும் இடப்புறம் சுகன்யாவும் அமர்ந்திருந்தார்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். கவினுக்கு அந்த மாதமே திருமணம். மணமகனின் உடன்பிறந்தாள் கூறைச்சேலையைக் கூடையில் ஏந்தி, அதன் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து நிற்பதை இணைச்சீர் என்பார்கள். கவினுக்கு உடன்பிறந்தாள் இல்லை. யார் நிற்பது என்று மறுநாள் அவனுடைய பெரியப்பா சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மூவருக்குள் இரத்த உறவு கிடையாது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோரை இழந்து மோகனூரில் பெரியப்பா வீட்டில் வளர்ந்த கவின், திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலைக்கு வந்தான். தந்தையின் மறுமணத்துக்குப் பின் இராசிபுரத்தை விட்டு வந்த சுகன்யா, அதே ஊரில் கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிந்தாள். தனித்தனியே வீடு தேடிய எங்களுக்கு எல்லாத் தெருக்களிலும் ஒரே விடைதான் கிடைத்தது: “குடும்பத்துக்குத்தானுங்க ஊடு.” ஒருநாள் தரகர் மூவரையும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் தண்டாயுதபாணி எங்களைப் பார்த்து, “அம்மாவும் புள்ளைங்களுமா? சந்தோசமுங்க” என்றார். யாரும் மறுக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் ஆறு ஆண்டுகள் குடியிருந்தோம். வாசலுக்கு வெளியே நான் அம்மா, உள்ளே டீச்சர். காய்ச்சல் கண்ட ஒரு மழைநாளில் கவின் உள்ளே படுத்துக்கொண்டே, “அம்மா, தண்ணி” என்றான். பிழை திருத்துவதே என் தொழில். அதை நான் திருத்தவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் கவின், தான் விடுதியில் தங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டான். நிச்சயம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகே அது சுகன்யாவுக்குத் தெரியவந்தது. “ஹாஸ்டலாமா? அப்ப நான் யாருங்க டீச்சர், மெஸ்ஸுக்காரியா?” என்று என்னிடம் கேட்டவள், அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அவன் மோகனூருக்குப் போய்விட்டான். படத்துக்கு இருவரையும் அழைத்தவள் நான். கதை என்னவென்று விசாரிக்காமல் அழைத்தேன்.

அயல்நாட்டு ஒற்றர் படம்; தமிழில் பேசியது. இரும்பைக் கையால் வளைப்பவன், நினைவுகளைத் துடைத்தெடுக்கும் முதியவள், விரும்பும்போது மறைந்துபோகும் பெண் ஆகிய மூவரையும் பனி பெய்யும் ஓர் ஊரில் குடும்பமாக வாழும்படி அரசு அனுப்புகிறது. பணி முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் பிரிக்கப்படுகிறார்கள். வசனங்களிலிருந்த பிழைகளை எண்ணிக்கொண்டிருந்த நான் எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. குளிரூட்டியின் காற்றும் திரையின் நீலமும் ஒன்றாகி என் மடியில் பனியாக இறங்குவதுபோல் இருந்தது. கண்களை மூடினாலும் அந்த வீடு தெரிந்தது. அதன் சன்னலுக்கு வெளியே திருச்செங்கோட்டு மலை நின்றது. பிரிந்தவர்கள் ஆண்டுகள் கழித்து மீண்டும் உணவு மேசைக்கு வருகிறார்கள். நாற்காலி ஒன்று தானாகப் பின்னால் நகர்கிறது. தட்டிலிருந்த ரொட்டி குறைகிறது. வந்தவள் கடைசிவரை உருவம் காட்டவில்லை.

“இந்த சக்தி எனக்குங்கூட இருக்குதுங்க டீச்சர்,” என்று இருளில் சுகன்யா சொன்னாள். “கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல காட்டறேன்.”

வலப்புறத்தில் கவின் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

படம் முடிந்து கார் நிறுத்தும் மேல்தளத்துக்கு வந்தோம். சேர்வராயன் மலைமேல் மேகம் படுத்திருந்தது. நடப்பவர்கள் எல்லாரும் அதன் நிழலுக்குள் மெதுவாக மிதப்பதாகத் தோன்றியது. கவின் காரைத் திறக்காமல் நின்றான்.

“நீயே நில்லு சுகன்யா. மோனிஷாவைத்தான் பெரியப்பா சொன்னாரு. அவரு புள்ளை, ஆசை இருக்காதா? தங்கச்சி மாதிரி பழகுன புள்ளைன்னு சொல்லி அவரைச் சம்மதிக்க வெச்சுட்டேன். பொண்ணூட்டுக்காரங்ககிட்ட மட்டும் எங்க சின்னம்மா புள்ளைன்னு சொல்லிக்கலாம்.”

“மறுக்காவும் வேசமாங்கண்ணா?” சுகன்யாவின் குரல் உயரவில்லை. “தெருவுக்காவ ஆறு வருசம் தங்கச்சியா இருந்தேன். ஒரு நாளைக்கு நெசமா இருந்துட்டுப் போறனே. ராசிபுரம் தறிக்காரர் மக, பேரு சுகன்யா, உனக்குத் தங்கச்சி. இப்புடிச் சொல்ல முடியும்னா வாரேன். இல்லீன்னா மோனிஷாவே நிக்கட்டும். அந்தப் புள்ளைக்கு என்ன கொறை.”

“சொன்னா கல்யாணமே நின்னுபோச்சுன்னா என்னங்க டீச்சர் பண்றது?” அவன் என்னைப் பார்த்தான்.

“போறதுன்னா இன்னைக்கே போகட்டும் சாமி. மண்டபத்துல போறதுக்கு இது மேல்.”

அவன் மணப்பெண் தனப்பிரியாவை அழைத்தான். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். மூவரும் அந்த வீட்டு வாசலில் நின்ற நாள் முதல் அனைத்தையும் சொன்னான்.

“போன்ல பின்னாடி ஒரு குரல் கேக்குமே,” என்றாள் தனப்பிரியா. “ஈரத்துண்டைக் கட்டல்ல போடாத, போடாதன்னு. அது அவங்களா?”

“ஆமா.”

“எந்த ஹாஸ்டல்லீங்க இப்புடித் திட்டுவாங்கன்னு அப்பவே நெனச்சேன்.” பிறகு கேட்டாள், “எனக்கு எதுக்குங்க பொய் சொன்னீங்க?”

விடைக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள். “அவங்களே நிக்கட்டும். ஆனா எங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லோணும். அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க.”

மேகம் மலையைவிட்டு இறங்கி நகரத்தின் கூரைகளைத் தொட்டது. சுகன்யா காரின் பின்னிருக்கையில் ஏறிக் கதவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு செய்யப்பட்டது பின்வருமாறு. மறுநாள் காலையில் கவின் முதலில் பெண்ணின் தந்தையிடமும் பின்னர் பெரியப்பாவிடமும் உண்மையைச் சொல்வான். நான் உடன் செல்வதில்லை. அவர்கள் இசைந்தால் சுகன்யா தன் பெயரோடும் தன் ஊரோடும் இணைச்சீருக்கு நிற்பாள். திருமணத்துக்கு இசைந்து, அவளுக்கு மட்டும் இசையாவிட்டால் அந்தச் சீர் நடவாது, வேறொருத்தி நிற்கமாட்டாள். மணவறையில் கூடை தரையிலேயே இருக்கும். மடிப்புக் கலையாத சேலை அதற்குள் இருக்கும். அதன் அருகே ஒருத்தி நிற்கும் அளவுக்கு இடம் விடப்பட்டிருக்கும்.