சைலன்சரில் பதிந்த கை

கர்ட்டிஸ் தன் காரை 'அவள்' என்றுதான் சொல்வான். அவளை இன்று குளிப்பாட்ட வேண்டும், அவளுக்கு இந்தப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை, இப்படி. என் அக்கா டார்லாவைப் பற்றி அவன் இந்தக் கரிசனத்தோடு பேசி நான் கேட்டதில்லை. டார்லா அவன் மனைவி. அவர்கள் வீட்டுக் கராஜுக்கு மேலே இருக்கும் அறையில்தான் நான் குடியிருக்கிறேன். என் கட்டிலுக்கு நேர் கீழேதான் 'அவள்' நிற்பாள்.

லொரெய்ன் ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் எனக்கு ராத்திரி வேலை. உறைந்த மீன், பட்டாணி, பீட்சா எல்லாவற்றையும் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற்றி இறக்குவேன். காலையில் வந்து படுத்தால் பிற்பகல் வரை தூங்கியாக வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் சரியாகத் தூங்காமல் போய், வண்டியை ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கரங்கள் ஒரு மீன் அடுக்குக்குள் பாய்ந்தன. சற்று முன்புவரை அங்கே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

மேற்பார்வை பார்க்கும் பெர்னீஸ் கத்தவில்லை. "மீன் ஏற்கெனவே செத்ததுதான், வெஸ்லி. அதனால போகட்டும். இன்னொரு தடவை கண்ணை மூடினா நேரா வீட்டுக்குப் போயிடு, திரும்பி வராத" என்றாள்.

அதனால் என் வேலை என் கையில் இல்லை. என் தூக்கத்தில் இருக்கிறது.

குளிர்காலம் முழுக்கக் கார் உறைக்குள் கிடந்தது. பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டும் மாதங்களில், துருவுக்குப் பயந்து, இங்கே யாரும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுக்கமாட்டார்கள். ஏப்ரல் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனதும் கர்ட்டிஸ் உறையை உருவினான். அதே வாரம் ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

"புது சைலன்சரா?" என்றேன்.

"முழு செட்டு. நடுக்குழாயிலேர்ந்து கடைசி வரைக்கும்."

"சத்தம் ஜாஸ்தியாகுமா?"

"சத்தம்னு சொல்லாதடா. குரல்னு சொல்லு."

"கர்ட்டிஸ், நான் பகல்ல தூங்கறவன்."

"தெரியும் மச்சான். அதுக்குத்தான் நடுக்குழாயில ரெசனேட்டர்னு ஒரு குடுவை வருது. இரைச்சலை எல்லாம் அது முழுங்கிடும். நீ பாட்டுக்குக் குறட்டை விடலாம்."

"வருதா, வரலாமா?"

"வருதுன்னு சொல்றேன்ல. நீ வந்து ஒரு கை குடு. என் தோள்பட்டை சரியில்ல, அடியில படுக்க முடியாது."

வியாழக்கிழமை தோறும் கனத்த பந்தை உருட்டி பவுலிங் ஆடும் அதே தோள்பட்டை. நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அன்பு அல்ல. அந்தக் குடுவையை என் கையாலேயே மாட்டிவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தபோது கார் கராஜ் வாசலில் நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றது. கர்ட்டிஸ் தலை சீவிக்கொண்டு, வீடியோ எடுக்க முக்காலியில் போனைப் பொருத்தி, வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு கோவாக் தன் புல்தரையின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தெருவில் யாராவது பானெட்டைத் திறந்தால் போதும், அவர் நாற்காலியோடு வந்துவிடுவார். காலை நேரத்திலேயே கையில் பீர் டின்.

"என்ன வெஸ்லி, உன்னை பலிகுடுக்கப் போறானா?" என்றார்.

"ஆமா. நீங்க சாட்சி."

அட்டையை விரித்து அடியில் போய்ப் படுத்தேன். காரின் முந்தைய சொந்தக்காரன் பத்துக் குளிர்காலம் அதை உப்பில் ஓட்டியிருக்கிறான். மேலே சிவப்பு மினுக்கம், அடியில் சொறி பிடித்த நாய். தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கண்ணாடி போட்டிருந்தும் கண்ணுக்குள் போனது. வாய்க்குள் போனது. பழைய ரத்தத்தை நக்கியதுபோல் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

போல்ட்டுகள் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சினேன். நெருப்பு வைத்துச் சூடாக்கினேன். ஸ்பேனர் வழுக்கி நட்டுகள் உருண்டையாகிப் போனதுதான் மிச்சம்.

"வெட்டிடு," என்றான் கர்ட்டிஸ்.

"வெட்டினா பழசைத் திரும்ப மாட்ட முடியாது. முதல்ல பெட்டியைத் திற. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு வெட்டறேன்."

"அது முடியாது. பழசு கழண்ட பிறகுதான் பெட்டி. வீடியோல அதுதான் வரிசை."

"இப்பத் திறந்துட்டு அப்புறம் மறுபடி ஒட்டிக்க."

"ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்கடா. ஏற்கெனவே பார்த்ததைப் பார்த்து ஆச்சரியப்படற மாதிரி எனக்கு நடிக்க வராது."

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். இரவு முழுக்க விழித்தவனுக்கு வாதாடத் தெம்பு இருக்காது. சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. ரம்பத்தை ஓட்டினேன்.

குழாய் பிளந்ததும் உள்ளே தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் என் கழுத்தில் கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம். சட்டைக்குள் இறங்கி முதுகுவரை போனது. பின்னாடி இருந்த பெரிய சைலன்சர் குடுவையைக் கழற்றிச் சாய்த்தபோது இன்னொன்று விழுந்தது. சீட்டுப் பஞ்சு, காகிதத் துணுக்கு, டார்லாவின் பச்சைக் கம்பளித் துண்டிலிருந்து இழுத்த நூல், எல்லாம் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு. அதில் கட்டைவிரல் அளவில் நான்கு குஞ்சுகள். அந்த வாரம் கர்ட்டிஸ் எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் பாதி வெந்து, தோல் சுருண்டு, குழாயின் நிறத்துக்கே வந்திருந்தன.

"நவம்பர்ல குழாய் வாய்ல இரும்புப் பஞ்சு வெச்சு அடைக்கச் சொன்னேனே," என்றார் கோவாக்.

"மறந்துட்டேன்," என்றான் கர்ட்டிஸ். குனிந்து போனை நீட்டினான். "வெஸ், ஒண்ணை வாலைப் பிடிச்சுத் தூக்கு. இன்னும் கொஞ்சம் மேல. உன் மூஞ்சிக்குப் பக்கத்துல வை."

"போடா."

"ஜனங்க இதைத்தான் பார்ப்பாங்கடா."

நான் தூக்கவில்லை. அவனே கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றைத் தூக்கிச் சிரித்தான். அதே கையுறையோடு அவன் தன் காபிக் கோப்பையை எடுத்துக் குடித்ததையும் பார்த்தேன்.

பிறகு பெட்டி திறக்கும் சடங்கு. கத்தியை அப்படியும் இப்படியும் காட்டினான். மேல் அட்டையைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான். பளபளவென்று ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புல்மேல் வைத்தான். நடுக்குழாய் வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே பருமன். எங்கும் புடைப்பு இல்லை.

"குடுவை எங்க?" என்றேன்.

அவன் முதலில் போனில் பதிவை நிறுத்தினான். "அது வேற செட்டுல வரும்."

"இதுல வரும்னு சொன்ன."

"அது வெச்சா குரலே எழாதுடா. வாங்கினவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"பின்ன உன்னை எப்படி அடியில படுக்க வைக்கிறது?" என்று சிரித்தான். பொய் பிடிபட்டவன் சிரிப்பு இல்லை. நல்ல பேரம் முடித்தவன் சிரிப்பு.

நான் வெட்டிப்போட்ட பழைய குழாய் இரண்டு துண்டாகக் கிடந்தது. இப்போது எழுந்து போனால் அவன் சைலன்சரே இல்லாமல் ஓட்டுவான். அது இன்னும் மோசம். நான் யோசிப்பதைப் பார்த்து, "படிப்பைத்தான் பாதியில விட்ட. இதையாவது முடி," என்றான்.

முடித்தேன். தொங்கவிடும் ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்து மாட்டினேன். ஒவ்வொரு இணைப்பிலும் கிளாம்ப்பை முறுக்கினேன். கோணலாக மாட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கை கேட்கவில்லை, ஒழுங்காகவே மாட்டியது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"வெறும் கையால தொட்டுடாத," என்றான் கர்ட்டிஸ், ஸ்பிரிட் பாட்டிலையும் வெள்ளைத் துணியையும் நீட்டி. "கை எண்ணெய் பட்டா முதல் சூட்டுலயே ஸ்டீல்ல சுட்டுப் பதிஞ்சிடும். அப்புறம் என்ன தேய்ச்சாலும் போகாது. ஒரு விரல் விடாம துடை. சாயங்காலம் எல்லாரும் பின்னாடி குனிஞ்சுதான் பார்ப்பாங்க." புதுச் சட்டை மாற்ற உள்ளே போனான்.

துடைத்தேன். ஒரு புள்ளி விடாமல் துடைத்தேன். பிறகு வலது கையுறையைக் கழற்றினேன். கழுத்தில் இன்னும் பிசுபிசுத்த கறுப்புத் தண்ணீரையும் துருவையும் எண்ணெயையும் உள்ளங்கையில் வழித்தெடுத்தேன். பம்பருக்குக் கீழே வெளியே தெரியும் பெரிய குடுவையின் வயிற்றில், ஐந்து விரலும் விரியக் கையை வைத்து அழுத்தினேன். பெரிய அழுக்கை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தேன். எண்ணெய் ஒட்டியது கண்ணுக்குத் தெரியவில்லை.

கோவாக் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காதிலிருந்த கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு ஸ்விட்ச் இருக்கு. நீ என்ன பண்ணப்போற?" என்றார்.

காரை இறக்கினோம். கர்ட்டிஸ் சாவியைத் திருப்பினான்.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன் பல்லுக்கு வந்தது. புதுக் குழாய்க்குள் ஒட்டியிருந்த தொழிற்சாலை எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அதோடு, மாற்றாமல் விட்ட முன்குழாயிலிருந்து எலி மூத்திரம் காயும் வாடை. மேலே என் அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்வது கீழே தெரிந்தது. எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கர்ட்டிஸ் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. திருமணத்தன்று நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அன்று கலங்கவில்லை.

டார்லா வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள்.

"இதுக்கு மேல நான் எப்படித் தூங்கறது, டார்லா?" என்றேன்.

"காதுல பஞ்சு வெச்சுக்கோயேன்."

"தரையே ஆடுது."

"நான் என்னடா பண்றது? அவன் குடிக்கறானா, சூதாடறானா? இது ஒண்ணுதான் அவனுக்கு." நுரையைப் புல்மேல் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

கை அடையாளத்தை அவன் அன்று மாலை பர்கர் கடை வாசலில் கார்க்காரர்கள் கூடும் இடத்தில்தான் பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் என் கதவைத் தட்டியபோது சண்டைக்குத் தயாராகவே திறந்தேன்.

அவன் கட்டிப்பிடித்தான்.

"பாருடா," என்று போனைக் காட்டினான். பளபளப்பான குடுவையில் பழுப்பும் பொன்னும் ஊதாவுமாக ஒரு முழுக் கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. கிடங்கில் மரச்சட்டத்துக்கு இடையில் நசுங்கி, கோணலாகக் கூடிய என் விரல். "எல்லாரும் இதைத்தான் பார்த்தாங்க. ஸ்டிக்கரா, பெயிண்டான்னு கேட்டாங்க. நானே கையை வெச்சுப் பதிச்சேன்னு சொல்லிட்டேன்."

"உன் சுண்டுவிரல் நேரா இருக்கே."

"அதை யார்டா பார்க்கறாங்க?"

திங்கட்கிழமை காலை நான் படுத்துச் சற்று நேரத்தில் அவன் வேலைக்குக் கிளம்பினான். கட்டில் சுவரை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தான், திரும்பப் போனான். நான் தூங்கியதாகவே நினைவில்லை. அன்று ராத்திரி ஃபோர்க்லிஃப்ட்டில் ஒரு வரிசையின் முனைக்கு வந்து நின்றபோது, அந்த வரிசையை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டியை அணைத்துச் சாவியைப் பெர்னீஸிடம் கொடுத்தேன். "இன்னிக்கு வேண்டாம். என்னை நம்பாத," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உறைபெட்டி அறைக்குப் போ. கையால அடுக்கு. அந்தக் குளிர்ல எவனும் தூங்கமாட்டான்." சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "நாளைக்குத் தூங்கிட்டு வந்தா சாவி தரேன். இல்லன்னா தரமாட்டேன்," என்றாள்.

காலையில் நான் வீட்டுக்குப் போகவில்லை. கிடங்கின் பின்புறம் லாரிகள் நிற்கும் இடத்தில் என் பழைய வேனை இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவில் விட்டு, பின்சீட்டை மடக்கினேன். இரண்டு பக்கமும் குளிரூட்டும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே சீரான உறுமல். ஏறவில்லை, இறங்கவில்லை, யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை.

கண் மூடப்போகும்போது கர்ட்டிஸிடமிருந்து செய்தி வந்தது. எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"சனிக்கிழமை மூணு பேர் புது சைலன்சரோட வராங்க. அவங்களுக்கும் கை வேணுமாம். என் கையை வெச்சுப் பார்த்தேன், நல்லா விழல. நீ வா. கையைக் கழுவாம வா."

எழுந்து கிடங்கின் கழிப்பறைக்குப் போனேன். நகத்தடியில் சனிக்கிழமைக் கறுப்பு இன்னும் மிச்சமிருந்தது. சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவினேன். வேனுக்குத் திரும்பி, போனை அணைத்துச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு மாலை வரை தூங்கினேன்.