பத்தாவது மீட்டர்

நாற்பத்து மூன்று வயதில் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சபரிநாதன் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷன் லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் ஒன்றை ஆரம்பித்தார்.

பதினைந்து வருஷம் பார்த்த சாஃப்ட்வேர் வேலை மார்ச் மாதம் போய்விட்டது. இன்டர்வியூ கொடுத்துக் கொடுத்து நாக்கு வறண்டதுதான் மிச்சம். கடைசியில் ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கம்பெனியில் ட்ரெய்னியாக இடம் கிடைத்தது. ஃபோர்மேன் டெல்காடோ ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திங்கட்கிழமை காலை சொந்த மல்டிமீட்டரோடு வரவேண்டும். ஒழுங்கான மீட்டர் இல்லாவிட்டால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அடுத்த ஆள் காத்திருக்கிறான்.

மல்டிமீட்டர் வேறொன்றுமில்லை, கம்பியில் கரண்ட் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கருவி. அது பொய் சொன்னால் ஆளே காலி. நான் நாலு நாள் படித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அறுநூறு வோல்ட் தாங்கும், பாதுகாப்பு முத்திரை உண்டு, விலையும் கையைக் கடிக்காது. பக்கத்துக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லி ஆர்டரும் போட்டாயிற்று.

"அவசரப்படாத பவளம். குரூப்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்," என்றார் சபரி.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் அமெரிக்க ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழர்களின் வாட்ஸப் குரூப்பை மூட மூடியே இன்னும் செய்யவில்லை. பத்து நிமிஷத்தில் அறுபது மெசேஜ். மீட்டர் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது, எதை வாங்கவேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பார்மா கம்பெனியில் இருக்கும் கந்தசாமி ஒரு லிங்க் போட்டார். யாரும் கேள்விப்படாத பிராண்ட். பத்து வாங்கினால் பாதி விலை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. போன மாதம்தான் ஐசலின் இந்தியக் கடையில் நாற்பது கிலோ புளி வாங்கிப் பங்கு போட்ட கூட்டம் இது. பாதி விலை என்றால் ராக்கெட்டைக்கூடப் பங்கு போடும்.

"எனக்கு ஒண்ணு," என்று முதல் ஆளாக எழுதினார் ரிட்டயர் ஆன ஜம்புநாதன் அங்கிள். போன் பண்ணிக் கேட்டேன். "அங்கிள், உங்களுக்கு எதுக்கு மீட்டர்?"

"இருக்கட்டுமேம்மா! பாதி விலைக்கு யாரு தரா?"

பக்கத்து வீட்டு வெண்பா இரண்டு கேட்டாள். ஒன்று மாமியாருக்காம்.

"அதுல சேஃப்டி முத்திரையே இல்லீங்க. எனக்கு வேண்டாம்," என்றேன் சபரியிடம்.

"ஒன்பது சேந்தாச்சு. நீ வேண்டாம்னா டீல் போயிடும். நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

எனக்காக ஆரம்பித்த காரியத்தில் என்னுடையது பத்தாவது மீட்டர். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு மீட்டர் என்று சபரி, கடையில் நான் போட்டிருந்த ஆர்டரையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேன்சல் பண்ணிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் பெட்டி வந்தது. கூடவே பங்கு போட்ட வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு மீட்டரோடும் இலவசமாக ஒரு டெஸ்டர் பேனா. கரண்ட் இருக்கும் இடத்துக்கு அருகே கொண்டுபோனால் கீ கீ என்று கத்தும். சுவரில் வைத்தார்கள், கத்தியது. டிவியில் வைத்தார்கள், கத்தியது. வெண்பா விளையாட்டாக ஜம்புநாதன் அங்கிளிடம் கொண்டுபோனாள். அதற்கும் கத்தியது.

இன்னொரு பேனா வைத்தார்கள். பத்துப் பேனாவும் கத்தின.

"ஐயையோ, அங்கிள் உடம்புல கரண்ட் ஓடுது!"

அவர் மனைவி கையிலிருந்த காபியை அவரிடம் நீட்டாமல் தரையில் வைத்துக் காலால் தள்ளினார். யாரோ ரப்பர் செருப்பு கொண்டுவந்து மாட்டி, அவரை பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்கள். சபரி எக்செல்லில் 'அங்கிள்' என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தார்.

"கம்பளி ஸ்வெட்டர் போட்டுட்டு கார்ப்பெட்ல காலைத் தேச்சுத் தேச்சு நடக்கறார். உரசல்ல வர்ற ஸ்டாட்டிக் கரண்ட், அவ்ளோதான். ஸ்வெட்டரைக் கழட்டுங்க அங்கிள்!" என்று கத்தினேன்.

"குளுருதும்மா. அதோட, எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு சக்தி உண்டு. நான்தான் வெளில சொல்லிக்கறதில்ல."

"நான் எலக்ட்ரீஷியன், சொல்றேன் கேளுங்க!"

"நீ நாளைக்குத்தானே ஜாயின் பண்றே," என்றார் கந்தசாமி.

ஒரு அம்மா தன் வீட்டிலிருந்து நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து அங்கிளைத் தொடச் சொன்னார். தொட்டார், கடிகாரம் ஓடவில்லை. ஆனாலும் ஒருவருக்கும் நம்பிக்கை குறையவில்லை, வரிசைதான் நீண்டது. நான் முதலில் பார்த்த மீட்டரையே வாங்கிவிடலாம் என்று, அவர்கள் கார்களை எல்லாம் நகர்த்தி என் காரை வெளியே எடுத்து நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐந்து. கடைக்காரன் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டான்.

திங்கள் காலை வெஸ்ட் வின்ட்சரில் பாதி கட்டிய ஓர் ஆபீஸ். நான்கு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, டெல்காடோ சுவரில் திறந்திருந்த ஒரு ஒயரிங் பெட்டியைக் காட்டினார். மெயின் பலகையில் இந்த லைனுக்கான சுவிட்சை, அதாவது பிரேக்கரை, அணைத்தாயிற்று, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கம்பிகளைப் பிரி என்றார்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. செத்த கம்பியைச் சோதிக்கும் முன், மீட்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் ஓடும் உயிருள்ள கம்பியில் வைத்துப் பார்க்கவேண்டும். பக்கத்து பிளக் பாயிண்டில் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதே பாயிண்டின் இன்னொரு ஜோடித் துளையில் மீட்டர் முனைகளை வைத்தேன். பூஜ்யம். விளக்கு எரிகிறது, மீட்டர் பூஜ்யம் என்கிறது. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் பூஜ்யம்.

டெல்காடோ மணியைப் பார்த்தார். நான்தான் அணைத்தேன் என்று சொல்கிறேனே, ஏன் நிற்கிறாய் என்றார்.

மீட்டர் சரியில்லை என்று வாயைத் திறந்தால் வேலை போச்சு. தலையாட்டிவிட்டுக் கையை வைத்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து வாங்கிய பேச்செல்லாம் நெஞ்சில் முட்டியது.

"நோ. இந்த மீட்டர் பொய் சொல்லுது. கை வைக்க மாட்டேன்," என்றேன் ஆங்கிலத்தில். குரல் அழுகிற மாதிரிதான் வந்தது.

டெல்காடோ தன் இடுப்பிலிருந்த மீட்டரை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்தார். நூற்றிருபது வோல்ட். யாரோ பிரேக்கருக்குத் தப்பான பெயர் ஒட்டியிருக்கிறார்கள், அவர் அணைத்தது வேறு லைன். மனுஷன் முகம் வெளுத்துப்போனது. போய்ச் சரியானதை அணைத்தார், திரும்ப வந்து இரண்டு முறை சோதித்தார். பிறகு தன் மீட்டரை என் கையில் கொடுத்து, புதன்கிழமைக்குள் நல்லதாக ஒன்று வாங்கிவிடு என்றார்.

"உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டார்.

நான் தேர்ந்தெடுத்திருந்ததைச் சொன்னேன். ஏன் எதற்கு என்று காரணங்களையும் அடுக்க ஆரம்பித்தேன்.

அவர் கையை அசைத்து நிறுத்தினார். "சரி, அதையே வாங்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.