இரண்டாவது குழாயில் எழுதியிருந்த பேர்

கொச்சியில், கூவப்பாடத்தில் தோசைமாவு பாண்டியராஜனின் மனைவிக்குப் பேர் இல்லாமல் போனது ஒரு கர்க்கடக மாத, அதாவது நம் ஆடி மாத, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. அன்று மழை விட்டிருந்தது, மார்க்கெட்டில் மத்தி மலிவு. பேர் போன நேரத்தில் அவள் அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். லேசாக ஒரு விக்கல் வந்தது, தண்ணீர் குடித்தாள், நின்றுவிட்டது. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரணம் கார்தான். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்து பத்தொன்பது வருடமாக மட்டாஞ்சேரிச் சாயாக் கடைகளுக்கெல்லாம் மாவு கொடுக்கிறவன் பாண்டியராஜன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மாவு டிரம் ஏற்றி ஓட்டும் அவனுடைய பழைய வெள்ளைக் கார் ஒரு மாதமாக நின்ற இடத்தில் விசிலடித்தது. மாடி வீட்டு அப்புச் சேட்டன் ஜன்னலில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிட்டார். எஞ்சினின் நாலு வாய்க்கும் காற்றைப் பிரித்து ஊட்டும் அலுமினியக் குழாய்க்கொத்துக்கு இன்டேக் மேனிஃபோல்ட் என்று பேர். அது எஞ்சினோடு ஒட்டுகிற இடத்தில் கேஸ்கெட் என்கிற அடைப்புத் தகடு பிளந்து காற்று கசிகிறது. தேவரா பக்கம் கப்பல் எஞ்சின்களோடு முப்பது வருடம் கழித்த மனிதர், அப்போது காலில் மாவுக்கட்டு போட்டுக் கிடந்தார். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒரு மாதம் விட்டுப்போகச் சொன்னார்கள். அதனால் சேட்டன் மேலிருந்து சொல்ல, பாண்டியராஜன் கீழே வாசலில் வைத்துக் கழற்றுவதென்று முடிவாயிற்று.

மேனிஃபோல்டில் நாலு சின்ன ரப்பர் குழாய்கள் செருகியிருந்தன. எதை எங்கே செருகுவது என்று மறந்துபோகும், போனில் படம் எடுத்துக்கொள் என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள் ஸ்நேஹா. அவன் கேட்கவில்லை. "வீட்டு ஆளுங்களை மறந்தா போவேன்?" என்று சொல்லி, சாக்பீஸால் முதல் குழாயில் தன் பேரையும், இரண்டாவதில் மனைவி பேரையும், மூன்றாவதில் மகள் பேரையும், மரியாதைக்கு நாலாவதில் அப்புச் சேட்டன் பேரையும் எழுதினான். குழாய் முனையிலும் அது செருகும் மூக்கிலும் ஒரே பேர். கல்யாணப் பத்திரிகை எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு அவன் மனைவியின் பேரை எழுதியது அன்றுதான். அப்போது மேலிருந்து சேட்டன் கத்தினார். "எடா பாண்டீ, ரெண்டாமத்தது அழிச்சோ!"

மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது. பாண்டியராஜனுக்கு அது தெரியாமல் இல்லை, அந்தச் சொல்லை இந்த ஊரில் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். ஆனால் கண்ணுக்கு எதிரே எழுத்து இருந்தது, கையில் மண்ணெண்ணெய்த் துணி இருந்தது. காது மலையாளத்தில் கேட்டது, கை தமிழில் கேட்டது. இரண்டாவது குழாயின் முனையிலும் மூக்கிலும் இருந்த பேரைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தவற்றை உணர்ந்து குழாயை உருவினான். எழுதிக்கொள்ளலாம், என்ன இப்போது என்று நினைத்தான். போல்ட்டுகள் கழன்று மேனிஃபோல்ட் கைக்கு வந்ததும், எஞ்சினின் நாலு ஓட்டைகளும் கறுப்பாகத் திறந்து கிடந்தன. உள்ளே எதுவும் விழாமல் துணி திருகி வைக்கச் சொன்னார் சேட்டன். பேர் துடைத்த துணி இரண்டாவது ஓட்டைக்குப் போயிற்று.

கேஸ்கெட் மறுநாளே வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது, ஏலூர் பக்கம் தண்ணீர் ஏறி, கேஸ்கெட்டை எடுத்துவர வேண்டிய ஆள் அங்கேயே மாட்டிக்கொண்டான். கார் பானெட் திறந்து தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. சனிக்கிழமை பெண்களின் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்தில் செக்ரட்டரி கங்கா வருகைப் பதிவை வாசித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றாள். வரி இருந்தது, எண் இருந்தது, எழுத்து இல்லை. "இது சேச்சியல்லே, சேச்சியுடெ பேரு..." என்று எதிரில் இருந்த பாண்டியராஜனின் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தாள். சொல் வெளியே வரவில்லை, காற்றுதான் உள்ளே போனது. ஞாயிறன்று கோயிலில் பூசை செய்யும் போற்றி பேரும் நட்சத்திரமும் கேட்டார். பாண்டியராஜனின் மனைவி நட்சத்திரத்தைச் சொன்னாள், அவர் அதை மட்டும் வைத்து அர்ச்சனையை முடித்தார். வீட்டுக்கு வந்து சீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவளுடைய அப்பா புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த பேர் இருந்த இடம் எல்லா எவர்சில்வரிலும் வழவழவென்று இருந்தது.

பாண்டியராஜனுக்கு நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்டதெல்லாம் இந்தா என்றுதான். போனில் அவள் எண்ணை வீடு என்று போட்டு வைத்திருந்தான். மகளுக்கு அவள் அம்மா. ஒருத்தியின் பேர் காணாமல் போயும், அந்த வீட்டில் ஒரு நாள்கூட மாவு ஆட்டுவது நிற்கவில்லை. கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். கடைசியில் அவளே வந்து அவன் முன்னால் நின்று கேட்டாள். "ஏங்க, என் பேரு என்னங்க?"

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தவனுக்குச் சில்லென்று காற்று தொண்டைக்குள் இறங்கியது. காருக்கு ஓடினான். இரண்டாவது ஓட்டையில் வைத்த துணி நாலு விரல் உள்ளே போயிருந்தது. இழுத்தெடுத்தான், மண்ணெண்ணெய்க் கறைகூட இல்லாமல் வெளுத்து வந்தது. குனிந்து காதை வைத்தபோது ஓடாத எஞ்சினுக்குள் யாரோ மெதுவாக மூச்சை இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு பேர் சொல்லப்பட்டது. அது தன் மனைவியின் பேர் என்பது அவனுக்குத் தெரிந்தது. என்ன பேர் என்பது மட்டும் தெரியவில்லை. தார்ப்பாயைக்கூட மூடாமல் அவன் பயந்து வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் தூரமாகப் போக ஆரம்பித்தாள். கறிவேப்பிலை வாங்கப் போனவள் சாயங்காலம் சுக்குக் கிடங்குகளின் தூசியோடு திரும்பினாள். "யாரும் கூப்பிடல, போயிட்டே இருந்தேன்" என்றாள். அடுத்த நாள் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை போய்விட்டாள். வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்தாலும் நிறுத்த ஒரு சொல் இல்லை. எட்டாம் நாள் அவள் வைப்பினுக்குப் போகும் ஜங்கார் படகில் கால் வைக்கப் போனபோது பாண்டியராஜனும் ஸ்நேஹாவும் ஓடிவந்து சேர்ந்தார்கள். அவன் இந்தா என்று அலறினான். மார்க்கெட்டுக்கு வந்திருந்த தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். ஸ்நேஹா அம்மே என்று கத்தினாள். பாதி ஜங்கார் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. ஜங்கார் இறங்கினால் அக்கரையில் பஸ், பஸ் ஏறினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இவள் போனால் போனவள்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. செயினைத் தாண்டிக் குதித்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அவள் கையைப் பிடித்தான். கையைப் பிடித்ததும் நின்றாள். பஜார் ரோடு முழுக்க விடாமல் பிடித்தபடி நடந்தான். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். அவன் விடவில்லை.

பத்தாம் நாள் கேஸ்கெட் வந்தது. ஒட்டியிருந்த பழைய துணுக்குகளைப் பிளேடால் சுரண்டி, புதியதைப் பொருத்தி, மேனிஃபோல்டை உட்கார வைத்தான். நடு போல்ட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கச் சொன்னார் சேட்டன், அப்படியே முறுக்கினான். மூன்று குழாய்கள் தத்தம் பேரில் உட்கார்ந்தன. இரண்டாவது குழாயைச் செருகச் செருக அது பிதுங்கி வெளியே வந்தது, பேரில்லாமல் உட்கார மாட்டேன் என்றது. "பேரெழுதெடா" என்றார் சேட்டன். பாண்டியராஜன் சாக்பீஸை எடுத்தான். குத்துமதிப்பாகச் செல்வலட்சுமி என்று எழுதினான். எழுத்து ரப்பரில் ஒட்டாமல் பொடியாக உதிர்ந்தது. அமுதவள்ளி, சுபாஷிணி என்று தெரிந்ததெல்லாம் எழுதினான். எல்லாம் உதிர்ந்தது. அவன் அழுதுவிட்டான். எல்லாரும் பார்க்க, பானெட்டின் மேல் கையூன்றி அழுதான்.

அவள் வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். மகளின் பழைய பாடப் புத்தகங்களை வைத்து அவள் மலையாள எழுத்து படித்திருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரையும் ஒன்றும் கேட்காமல், குழாய் முனையில் தானே வைத்துக்கொண்ட ஒரு பேர், மூக்கில் அதே பேர், உருண்டை உருண்டையாக எழுதினாள். அவளே செருகினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. சைலன்சரிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்து, சுக்குக் கிடங்குகளின் பக்கம் போய்க் கலைந்தது. விசில் இல்லை.

ஸ்நேஹா அந்தப் பேரை உரக்க வாசித்தாள், நன்றாக இருக்கிறதென்று சொன்னாள். சேட்டன் மாடியிலிருந்து அந்தப் பேரைச் சொல்லியே அவளிடம் சாயா கேட்டார். கங்கா பதிவில் எழுதினாள், மறுநாள் எவர்சில்வர் பாத்திரங்களில் மலையாளத்தில் புள்ளிகள் வந்திருந்தன. பாண்டியராஜனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சொல்லச் சொல்லிக் கேட்டான்; மூன்று முறை சொன்னார்கள், மூன்று முறையும் அவன் காதில் காற்று இழுபடுகிற சத்தம்தான் விழுந்தது. அவளிடமே கேட்டான். அவளும் சொன்னாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தான், அவ்வளவுதான்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கார் நன்றாக ஓடுகிறது, மாவு வியாபாரமும் குறைவில்லை. அந்தப் பேர் கூவப்பாடத்தில் இப்போது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட்டால் அவள் திரும்புவதில்லை, அது தன்னை அல்ல என்பதுபோல வேலையைப் பார்க்கிறாள். ஆகவே அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாண்டியராஜன் எழுந்து, அவள் இருக்கும் இடத்துக்குப் போய், அவள் பார்க்கும்வரை நிற்கிறான். அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் முப்பத்திரண்டு படி. முட்டி வலியோடு ஏறிப் போகிறான்.