இடுப்புக்கு மேலே நாலு விரல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குடலில் கட்டி என்று வயிற்றைக் கிழித்துத் தைத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. கட்டி போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு துவாரமும், அதன்மேல் ஒட்டிய ஒரு பையும் வந்து சேர்ந்தன. இனி ஆயுள் முழுக்க மலம் அந்தப் பையில்தான் இறங்கும். மருத்துவமனைக்காரர்களை விட்டால் இது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் சம்பந்தி போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா; மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, மனசில் கள்ளமும் கிடையாது.

"பசங்க கடலோரம் ஓட்டல்ல நாலு நாளைக்கு ரூம் போட்டிருக்காங்க சம்பந்தி. நீச்சல் குளம், கடல், படகு, எல்லாம் இருக்கு. கரையில உக்காந்து வேடிக்கை பாக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, விடமாட்டேன்!"

"பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தார் மெக்கானிக்.

"என்ன பாக்கலாம்? போறோம்" என்றாள் மனைவி. "போன தடவை அவங்க வீட்டுல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சீங்க. சம்பந்தியம்மா இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு. இதுக்கும் போகலன்னா நம்ம பொண்ணுதான் பேச்சு வாங்கணும்."

அவருக்கும் ஆசை இல்லாமலில்லை. அறுவைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குளத்துக்குப் போய் நாற்பது சுற்று நீந்தியவர். காயம் ஆறியதும் தாராளமாக நீந்தலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எதைப் போட்டுக்கொண்டு நீந்துவது என்று டாக்டர் சொல்லவில்லை.

சனிக்கிழமை இருவரும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். மாடியில் ஆண்கள் நீச்சலுடைக்கு ஒரு சுவரே ஒதுக்கியிருந்தார்கள். கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டிருந்த விற்பனைக்காரப் பெண்மணி எடுத்த எடுப்பில், "எந்தத் தண்ணிக்கு சார்?" என்று கேட்டார்.

"எந்தத் தண்ணின்னா?"

"குளத்துல சுத்து அடிக்கறதுன்னா முட்டி வரைக்கும் ஒட்டிப் பிடிக்கறது வேணும். தொளதொளன்னு போட்டா தண்ணியக் கட்டி இழுத்துக்கிட்டே போகணும். அலையில இறங்கணும்னா வெறும் எலாஸ்டிக் ஆகாது, ஒரு அலை வந்தா உருவிட்டுப் போயிடும். நாடா வச்சு இறுக்கிக் கட்டறதுதான் சரி. படகுன்னா சீக்கிரம் காயணும், உக்கார்ற இடத்துல தையல் உறுத்தக் கூடாது. எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னு வாங்கிட்டுப் போறவங்கதான் மறுவாரம் மாத்த வராங்க."

மெக்கானிக் மூன்றை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனார். இறுக்கமானதன் இடுப்புப் பட்டி சரியாகத் துவாரத்தின்மேல் உட்கார்ந்தது. தாழ்வான இடுப்பு வைத்ததில் பையின் மேல்பாதி எட்டிப் பார்த்தது. நாடா வைத்ததைக் கட்டினால் பையின் நடுவில் முடிச்சு விழுந்தது. வெளியே வந்து, "ஒண்ணும் பிடிக்கல" என்றார்.

இன்னும் மூன்று கொடுத்தார்கள். அவையும் பிடிக்கவில்லை.

"கலர் பிடிக்கலையா சார்?"

"இல்ல... சும்மா. வேற கடையில பாத்துக்கறோம்."

மனைவி பொறுத்துப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்தும் அவள் நகரவில்லை. "இவருக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணிப் பை வச்சிருக்கும்மா. பட்டி அது மேல அழுத்துது. அதான் விஷயம்."

காதுமடல் வரை சுட்டது அவருக்கு. லிஃப்ட் பக்கம் பார்த்தார். நல்ல வேளை, மாடியில் வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண்மணி புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "இடதா, வலதா?"

"இடது" என்றாள் மனைவி.

"நான் சட்டைக்கு மேலயே அளந்துக்கறேன். நீங்களே விரலை வச்சுக் காட்டுங்க சார்."

காட்டினார். அந்தப் பெண்மணி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கருநீலத்தில், இடுப்புக்கு மேலே நாலு விரல் ஏறி உட்காரும் பட்டி வைத்த முட்டி நீள உடை ஒன்றையும், அதே துணியில் அரைக்கை மேல்சட்டை ஒன்றையும் கொண்டுவந்தார். "பட்டி துவாரத்தைத் தாண்டி மேல நிக்கணும். துணி பையை அணைச்சுப் பிடிக்கணும், அமுக்கக் கூடாது. வெளிர் நிறம் வேண்டாம், நனைஞ்சா எல்லாம் தெரியும். போன மாசம்கூட ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. ஒன்பது உருப்படி போட்டுப் பாத்தாரு, வாயத் திறக்கல, வெறுங்கையோட போயிட்டாரு. நீங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "போற இடத்துல போய்ப் பழகாதீங்க. வீட்டுலயே அரை மணி நேரம் தண்ணியில உக்காந்து பாத்துடுங்க."

வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, முழங்கால் மோவாயில் இடிக்க, மெக்கானிக் உட்கார்ந்தார். மனைவி கதவருகே முக்காலியைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை அசையவில்லை. மறுநாளும் ஒரு தடவை பார்த்தார்கள்.

"போதும், எந்திரிங்க. இன்னும் ஊறினா அலசிப் பிழிஞ்சு கொடியில போட வேண்டியதுதான்" என்றாள்.

ஓட்டலில் முதல் நாள் காலை, சம்பந்தி பூப்போட்ட தொளதொள அரைக்கால் சட்டையில் குளத்துக்குள் குதித்தார். அது காற்றை அடைத்துக்கொண்டு குடை மாதிரி மேலே கிளம்பியது. இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டே, "வாங்க சம்பந்தி, வாங்க!" என்று கத்தினார்.

மெக்கானிக் ஏணியில் கால் வைத்ததும் விசில் சத்தம் கேட்டது. குளத்துக் காவலாளி வேகமாக வந்தான். "மேல்சட்டை போட்டுட்டு இறங்கக் கூடாது சார். கழட்டிடுங்க."

"அவர் போட்டா உனக்கு என்னய்யா?" என்று சம்பந்தி தண்ணீரிலிருந்தே பாய்ந்தார். "அவருக்கு வெயில் ஒத்துக்காது! மேனேஜரக் கூப்பிடு!"

"ரூல் சார். போர்டுல எழுதியிருக்கு."

சுற்றி நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்தினால் மெக்கானிக் ஆறுதலெல்லாம் சொல்ல மாட்டார். கம்பி அறவில்லை, கரண்ட்தான் போச்சு, பத்து நிமிஷம் ஆகும் என்று உள்ளதைச் சொல்வார், கத்தல் நின்றுவிடும். இப்போதும் அவருக்கு அந்தக் குரல்தான் வந்தது.

"தம்பி, எனக்குக் குடல்ல ஆபரேஷன். வயித்துல பை ஒட்டியிருக்கு, மலம் அதுலதான் வரும். ஒழுகாது, நல்லா மூடியிருக்கு. அது மேலதான் இந்தச் சட்டை. பருத்தி இல்ல, நீச்சல் துணி. தொட்டுப் பாரு."

காவலாளி தொட்டுப் பார்த்தான். "இது நீச்சல் துணிதான் சார். இறங்குங்க" என்றான். போகும்போது, "எங்க சித்தப்பாவுக்கும் வச்சிருக்காங்க. அவர் வீட்ட விட்டே வெளிய வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சம்பந்தி ஏணிக்கம்பியைப் பிடித்தபடி வாயடைத்து நின்றார். இந்த நாலு வருஷப் பழக்கத்தில் அது முதல் தடவை.

"எவ்வளவு நாளா?"

"பதினொரு மாசம்."

"அன்னைக்கு எங்க வீட்டுல சாப்பிடாம எந்திரிச்சது..."

"சாப்பிட்டா பை நிறையும். உங்க வீட்டுல வச்சு எங்க போய்க் காலி பண்றதுன்னு பயம்."

"அட கடவுளே. என் பொண்டாட்டி கையால சமைச்சது பிடிக்கலன்னு மூணு மாசம் உங்களத் திட்டினோம் சம்பந்தி." இன்னும் கிட்டே நகர்ந்து வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கழண்டுக்காதே?"

"வீட்டுல தண்ணி டப்புல அரை மணி நேரம் உக்காந்து பாத்தாச்சு."

"அப்ப போய் நீந்துங்க. நான் இங்கயே நிக்கறேன். ஆழத்துக்கெல்லாம் வரமாட்டேன்."

"நீச்சல் தெரியாதா?"

"சத்தமாச் சொல்லாதீங்க."

மெக்கானிக் சுவரை உதைத்துக் கிளம்பினார். முதல் இரண்டு சுற்றும் ஒரு கை வயிற்றுக்கே ஓடியது. மூன்றாவதில் மறந்துவிட்டார். எட்டுச் சுற்று முடிந்தபோது மூச்சு வாங்கியது, தோள் வலித்தது, அந்த வலி நன்றாக இருந்தது. அறைக்குப் போய்ப் பார்த்தபோது பையின் ஒட்டு ஓரமாக லேசாகக் கிளம்பியிருந்தது. புதுசு மாற்றிக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டில், மகளும் மாப்பிள்ளையும் பார்க்க, கணவர் சொல்லி விஷயம் தெரிந்திருந்த சம்பந்தியம்மா, "உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாப்பிடுங்க அண்ணா" என்றார். கண் சிவந்திருந்தது.

இரண்டாம் நாள் கடலில் அலை பெரிதாக இருந்ததால் மெக்கானிக் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அலை அடங்கியிருந்தது; இரண்டு சம்பந்திகளும் மிதிபடகில் போனார்கள். கரை தாண்டியதும் சம்பந்தி ஆரம்பித்தார். பை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? தூங்கும்போது எந்தப் பக்கம் படுப்பது? தும்மினால் என்ன ஆகும்? மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதினொரு மாதத்தில் யாரும் அவரிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

"சரி, இன்னொண்ணு..."

"கேட்டது போதும், மிதிங்க சம்பந்தி. காத்து நம்மள கடலுக்குள்ள தள்ளுது. உங்களுக்கு நீச்சல் வேற தெரியாது."

சம்பந்தி திரும்பிக் கரையைப் பார்த்தார். அடுத்த நொடி, வாயை மூடிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார்.