சோடியம் குறைவான உப்பு

அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. அந்த நான்கு மாதமும் அப்பா, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"பாப்பா மட்டும் இல்லேன்னா அவ ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருப்பா. பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காம என் பொண்ணு எதையும் வீட்டுக்குள்ள விடமாட்டா. உப்பைக்கூட ஆராய்ச்சி பண்ணித்தான் வாங்கினா, தெரியுமா?"

மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள், மருந்துக் கடைக்காரர், முடி வெட்டுகிறவர் என்று யாரும் தப்பவில்லை. அப்பா முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கு எடுத்தவர். அதனால் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாப்பா பக்கத்தில் நின்றால் தலையைக் குனிந்துகொள்வாள். "அடக்கமான பொண்ணு" என்பார்கள்.

பாப்பாவுக்கு இருபத்தேழு வயது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வரிசை எண் ஒட்டிய பாட்டில்களில் தண்ணீர் வரும். எந்த உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்து எழுதுவாள். வாழ்க்கையில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது உப்புதான்.

இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பாப்பா குறைத்தாள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"இதைச் சாப்பிடறதுக்குப் பதிலா மாத்திரையை நாலாப் போட்டுக்கறேன். வாயில வெச்சா ஆஸ்பத்திரி வாடை அடிக்குது."

மூன்று வாரம் வீட்டில் போர். பாப்பா உப்பு ஜாடியை ஒளித்து வைப்பாள். அம்மா அதைக் கண்டுபிடிப்பாள். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அப்போதுதான் பெரிய கடையில் சோடியம் குறைவான உப்பைப் பாப்பா பார்த்தாள். சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருந்தார்கள். சுவை கிட்டத்தட்ட அதேதான். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பாப்பா அதையும் படித்தாள். படித்ததோடு விடாமல் வீட்டுக்கு வந்து அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தாள். சிறுநீரகத்தில் குறையே இல்லை. மறுநாள் வாங்கி வந்தாள்.

"இப்பத்தான் சோறு சோறா இருக்கு" என்றாள் அம்மா. போர் முடிந்தது.

ஒரு வருடம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்கள் கொஞ்சம் மாறியிருந்தன. "கிட்னி லேசாச் சோர்ந்திருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பாப்பா அந்தத் தாளை அப்பாவுக்கு வரி வரியாக விளக்கினாள். பிறகு கோப்பில் வைத்தாள். உப்பு அவள் நினைவுக்கு வரவில்லை. ஒரு வருடத்தில் அது பாக்கெட்டில் இருந்த பொருளாக இல்லாமல் வெறும் உப்பாகிவிட்டது. பாக்கெட்டை வெட்டி ஜாடியில் கொட்டுவதோடு சரி. உப்பை யார் தினமும் படிப்பார்கள்?

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. கால் கல்லாகக் கனக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி அவசர வார்டுக்கு வெளியே வந்து பேசினாள்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறிப் போயிருக்கு. இதயம் தாங்கல. சாப்பாட்டுல ஏதாவது புதுசாச் சேத்தீங்களா?"

"புதுசா ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் அப்பா. "வீட்டுச் சாப்பாடுதான். எல்லாம் பொண்ணு பார்த்துப் பார்த்துச் செய்யறது."

பொட்டாசியம் என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியே பாப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். டாக்டர் அதற்குள் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் அம்மா இல்லை.

மூன்றாம் நாள், வீட்டில் கூட்டம் குறைந்ததும், பாப்பா ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினாள். சாதாரண உப்பை நிரப்பினாள். ஒரு தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிராம் பொட்டாசியம் கூடுதலாக. அதோடு பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் மாத்திரை. அதோடு சோர்ந்த சிறுநீரகம். தாளைக் கிழித்துப் போட்டாள். அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். ஒவ்வொரு நாளும் அப்பா அவளைப் புகழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று சொன்னார்.

"வரும்போது உன் உப்பு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா பாப்பா. ரேடியோவுக்கு."

ரேடியோ அப்பாவின் நடைப்பயிற்சிக் கூட்டாளி. வாய் ஓயாதவர் என்பதால் அந்தப் பெயர்.

"அவருக்கு எதுக்குப்பா?"

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாராம். கிட்னி ஏதோ சரியில்லையாம். நான்தான் சொன்னேன், கவலைப்படாதடா, எங்க வீட்டுல ஒரு உப்பு இருக்கு, ருசிக்கு ருசியும் ஆச்சு, வைத்தியத்துக்கு வைத்தியமும் ஆச்சுன்னு."

பாப்பா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"அவர் டாக்டரைக் கேட்டுக்கட்டும்பா."

"உனக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது? போம்மா."

சாயங்காலம் கடையில் அந்த உப்பு இல்லை என்று பொய் சொன்னாள். "அதனால என்ன" என்று சனிக்கிழமை அப்பாவே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிட்டார். ரேடியோவுக்குத் தனியாகச் சொல்லிவிடலாம் என்று அவள் நாலு முறை போன் செய்தாள். அவருடைய போன் எப்போதும்போல யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நீயும் ஹோட்டலுக்கு வா" என்றார் அப்பா. "எவ்வளவு போடணும், எப்படிப் போடணும்னு நீயே அவனுக்குச் சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமைகளில் நடைப்பயிற்சிக் கூட்டம் பூங்காவிலிருந்து நேராக எதிர்ச்சாரி ஹோட்டலுக்குப் போகும். அரை மணி நேரம் நடப்பார்கள், ஒரு மணி நேரம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு ரேடியோவும் அப்பாவும் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் இருந்தார்கள். பாப்பா மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வாம்மா விஞ்ஞானி" என்றார் ரேடியோ. "இங்க இருக்கறதுல எதைத் தின்னா நான் சாகமாட்டேன்னு சொல்லு, அதை மட்டும் வரவழைக்கலாம்."

"அப்ப வெறும் தண்ணிதான்" என்றார் தபால்காரர்.

"தண்ணியையும் இவ அளந்துதான்யா குடுப்பா. அதானே வேலை."

சர்வர் வந்தார். சூப், முட்டை, ரொட்டி, வேகவைத்த காய் என்று சொன்னார்கள். "இவருக்கு மட்டும் உப்பே போடாம" என்று அப்பா ரேடியோவைக் காட்டினார். ரேடியோ முகத்தைச் சுளித்தார்.

"கல்யாண நாள்ல இருந்து என் வீட்டுக்காரி சொல்லிட்டிருக்கறதை இப்ப நீயும் ஆரம்பிச்சுட்டே. இவ்வளவு நாளா அவகிட்டேருந்து தப்பிச்சு இங்க வந்துட்டிருந்தேன்."

அப்பா கைகழுவப் போனதும் சொல்லிவிடுவது என்று பாப்பா நினைத்திருந்தாள். அப்பா போகவில்லை. முட்டை வந்ததும் துணிப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார், பரிசு கொடுப்பவரைப்போல.

"என் வீட்டுக்காரி ஒண்ணே முக்கால் வருஷம் இதைத்தான் சாப்பிட்டா. ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல. பிரிச்சுப் போட்டுப் பாரு."

ரேடியோ பல்லால் ஒரு முனையைக் கடித்துப் பிரித்தார். உள்ளங்கையில் கொட்டினார்.

"மாமா, அது வேண்டாம்" என்றாள் பாப்பா.

அவள் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா?"

"கிட்னி சரியில்லாதவங்க இதைச் சாப்பிடக் கூடாது. பின்னாடி போட்டிருக்கு."

ரேடியோ கையை உதறிவிட்டுப் பாக்கெட்டைத் திருப்பினார். "இந்த எழுத்தை எறும்புதான் படிக்கணும்" என்றார். "சாப்பிட்டா என்ன ஆகும்?"

பாப்பா அப்பாவைப் பார்க்கவில்லை.

"இதுல பொட்டாசியம் இருக்கு மாமா. கிட்னியால வெளியேத்த முடியாது. ரத்தத்துல ஏறிடும்."

"நல்ல வேளை சொன்னே. உங்கப்பன் என்னைப் பார்சல் கட்டப் பார்த்தான். ஏன்யா, மீட்டர் பார்க்கற மாதிரி பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பார்க்கமாட்டியா?"

ரேடியோ சிரித்தார். தபால்காரரும் சிரித்தார். அப்பாவின் கை முட்டையைப் பாதி வெட்டியபடி நின்றுபோயிருந்தது.

"பொட்டாசியம்" என்றார் அப்பா. "அந்தப் பொண்ணு டாக்டர் அதைத்தானே சொன்னா."

அவர் பாப்பா பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாவுக்கும் கிட்னி சோர்ந்திருக்குன்னு சொன்னாங்களே. நீதானே எனக்குப் படிச்சுக் காட்டினே."

"ஆமாம்பா."

அப்பா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில், சத்தம் வராமல் வைத்தார். ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்து, முதல்முறையாகச் சொல்லாமல் விட்டார். சர்வர் காய்களைக் கொண்டுவந்து யாருக்கு என்று கேட்டார். யாருக்கு என்று யாரும் சொல்லாததால் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

வீடு வரை அப்பா முன்னால் நடந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டர் சொன்ன அன்னிக்கே."

"நாலு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். "நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தே."

அவர் மேலே ஏறினார்.

திங்கட்கிழமையிலிருந்து அப்பா வீட்டில் சாப்பிடவில்லை. அவள் காலையில் சமைத்து டப்பாவில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் டப்பா அப்படியே இருக்கும். "ரேடியோ கூப்பிட்டான், வெளியிலேயே ஆயிடுச்சு" என்பார். ராத்திரிக்குப் பழமும் ரொட்டியும் வாங்கி வந்து அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கோபமாக ஒரு சொல் இல்லை. குளித்துவிட்டு வந்தால் "தண்ணி சூடா இருக்கு, போய்க் குளி" என்பார். மழை வந்தால் குடையை எடுத்துக் கொடுப்பார். சோறு மட்டும் வேண்டாம்.

ஒன்பதாம் நாள் ரேடியோ அவளைத் தெருமுனையில் பிடித்தார்.

"உங்கப்பா எங்களோட ஜோராச் சாப்பிடறான்னு நினைச்சுக்காதே. தட்டைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். பக்கத்துல உக்காந்து எனக்கே பேச்சு வர மாட்டேங்குது, பார்த்துக்கோ."

"அவருக்கும் பிரஷர் இருக்கு மாமா. ஹோட்டல்ல உப்பு கம்மியாப் போடச் சொல்லுங்க."

"சொல்றேன்." அவர் கிளம்பாமல் நின்றார். "அன்னிக்கு நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் அதைக் கரண்டி கரண்டியாத் தின்னிருப்பேன். எனக்கு நீ நல்லதுதாம்மா பண்ணினே."

பாப்பா தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தாள். அவளுக்குப் பயன்படாத நன்றி அது.

சனிக்கிழமை விடுமுறை. அரிசி வைத்தாள், பருப்பு வேகவைத்தாள், பீன்ஸைப் பொடியாக நறுக்கி எண்ணெய் குறைவாக வதக்கினாள். இரண்டு தட்டு வைத்தாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"சாப்பிட்டுப் போங்கப்பா. உப்பு சாதா உப்புதான். அம்மா போன மூணாம் நாளே மாத்திட்டேன்."

"உப்பு இல்ல பாப்பா" என்றார். "உன் மேல கோபமும் இல்ல. படுத்துட்டு யோசிச்சுப் பார்த்தேன். அந்தத் தாளை நீ படிச்சுக் காட்டினப்ப நானும்தான் கேட்டேன். தினம் அதே உப்பை நானும்தான் தின்னேன்."

"அப்ப ஏன்பா?"

"தட்டு முன்னாடி உக்காந்தா கை போக மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கேட்டார்.

"அவ போறதுக்கு முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டா? நான் வர்றதுக்குள்ள படுத்துட்டா."

இதைத்தான் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அவள் நான்கு மாதமாகப் பயந்திருந்தாள். ஹோட்டலில் சொன்னது பாதிதான்.

"சோறும் பருப்பும்பா. உப்பு பத்தலன்னா. இன்னும் கொஞ்சம் போடுன்னா."

"போட்டியா?"

"எப்பவும் போடமாட்டேன். அளவு அளவுன்னு சண்டை போடுவேன். அன்னிக்குப் போட்டேன். இந்த உப்புல என்ன வந்துடப்போகுதுன்னு ஒரு கரண்டி நிறையப் போட்டேன்."

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"இன்னிக்கு என்ன, என் பொண்ணுக்கு என் மேல பாசம் பொங்குதுன்னு சிரிச்சா. தட்டை வழிச்சுச் சாப்பிட்டா."

அழுகையை அடக்கியதில் அவர் முகம் கோணியது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார். வெளியே யாரோ மாடிப்படியில் ஏறிப் போகும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. பிறகு அவர் தன் தட்டை எடுத்து அதிலிருந்த சோற்றை அவள் தட்டில் சேர்த்தார். பருப்பையும் அதன்மேல் ஊற்றினார்.

"நீ சாப்பிடு. நீயும் ரெண்டு வாரமாச் சரியாச் சாப்பிடல. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு வேண்டாம்பா."

"சாப்பிடு. ஆறிடும்."

அவள் சாப்பிட்டாள். அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். கடைசிப் பருக்கை வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பினார்.