கடை ஈக்கள்

சாப்பிட்டுவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள், கண்ணுங்களா? அப்படியானால் கேளுங்கள். இது குமட்டுகிற கதை.

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கில் பல்கலைக்கழகத்தின் பரிணாம ஆராய்ச்சிக்கூடம் நடந்தது. வாழைப்பழமும் வெல்லமும் காய்ச்சிய கூழைப் பால் புட்டிகளில் ஊற்றி, அதில் கடுகளவு பழ ஈக்களை வளர்ப்பார்கள். ஆரம்பாக்கத்து விவசாயி மகள் ரத்னா அந்தக் கூழில் துளி பூச்சிமருந்து கலப்பாள். செத்தது போக மிஞ்சியதைக் குஞ்சு பொரித்துப் பெருகவிடுவாள். பிறந்ததற்கு இன்னும் கொஞ்சம் மருந்து. இப்படியே சில வருஷத்தில் மருந்துக்கு அசையாத ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டாள். அவளுடைய டாக்டர் பட்டம் அந்தப் புட்டிகளுக்குள்தான் இருந்தது.

அங்கே ஒரு கட்டுப்பாடு. புட்டியில் வெள்ளை உண்ணி என்கிற பொடிப்பூச்சியைக் கண்டவர் உடனே எல்லாருக்கும் சொல்லிவிட்டு, புட்டியை வேகவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உண்ணி நடந்தே அடுத்தவர் புட்டிக்குப் போய், ஈ முட்டையெல்லாம் தின்றுவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ரத்னா தன் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஈகூட உயிரோடில்லை. கண்ணாடி முழுக்க அரிசிமாவு பூசினாற்போல் இருந்தது. அந்த மாவு நகர்ந்தது. அவளுடைய மற்ற புட்டிகளும் அப்படியே.

"பரசுராமண்ணா, உங்க புட்டியில உண்ணி இருந்துச்சா?"

அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன் பரசுராமன். பல்லைக் குத்திக்கொண்டே திரும்பினான்.

"இருந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா என்னுதையும் வேக வெச்சிருப்பீங்க. என் வேல முடியற நேரம். நீ சின்னப் பொண்ணு, திரும்ப வளத்துக்கோயேன்."

பேராசிரியர் மணவாளன் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். பரசுராமனை ஒரு சொல் கேட்கவில்லை.

"அழுவாதம்மா. நாளைக்கு உன் வேலயப் பாக்கக் கமிட்டி வருது. பரசு, வாழைப்பழக் கடையாண்ட மொய்க்குற ஈயப் புடிச்சுக்கினு வா. ரத்னா புட்டியில போடு."

"சார், அது மருந்து பட்டா செத்துடுமே," என்றாள் ரத்னா.

"உள்ள மருந்து தடவின சோதனைப் புட்டிக்குப் பதிலா வெறும் புட்டியிலதான் வுட்டுக் காட்டப் போறேன். பாத்தா தெரியவா போவுது? எல்லாம் உன் பட்டத்துக்குத்தான்."

மறுநாள் கமிட்டி வந்தது. வடையும் காபியும் நடந்தன. மணவாளன் கடை ஈக்களை வெறும் புட்டியில் விட்டு, மருந்துப் புட்டி என்றார். ஈக்கள் குஷியாகப் பறந்தன.

"பேஷ்!" என்றார் தலைவர் அருணாச்சலம், வாய் நிறைய வடையோடு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பட்டம் ரத்னாவுக்கு. அவளால் முடியவில்லை. அலமாரியிலிருந்து நிஜமாகவே மருந்து தடவிய புட்டியை எடுத்தாள். ஈக்களை அதற்குள் தட்டினாள்.

"இதான் சார் மருந்துப் புட்டி. அது வெறும் புட்டி. இதுங்க கடையில புடிச்ச ஈ. என்னுது செத்துப்போச்சு."

எல்லாரும் புட்டியையே பார்த்தார்கள். இரண்டாம் சுற்றுக் காபி முடிவதற்குள் ஈக்கள் மல்லாந்து, கால் உதறி அடங்கின.

அருணாச்சலம் புட்டியைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொரு வடையை எடுத்தார்.

"ஈக்குப் பனி ஒத்துக்கல போலிருக்கே, மணவாளன்?"

"ஆமா சார். பனிதான்."

"அப்போ திருப்திகரம்னே எழுதிடலாம். சட்னி இருக்கா?"

பரசுராமன் அவள் காதோரம் குனிந்தான். "பாத்தியா, நீயே கெடுத்தும் கெடல! பட்டம் வந்துச்சு போ."

"என் பேர எடுத்துடுங்க சார்," என்றாள் ரத்னா தலைவரிடம். "இந்தப் பட்டம் எனக்கு வேணாம்."

"யோசிச்சு சொல்லும்மா," என்று அவர் எண்ணெய் விரலை ஜன்னல் திரையில் துடைத்தார்.

ரத்னா வெளியே போனாள். கிடங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். உள்ளே சட்னி வந்துவிட்டிருந்தது.